பத்து நிமிட நகரம்

நாள் முழுக்கக் கார் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற மனிதரைப் பார்த்ததுண்டா? நகரமைப்பு அலுவலகத்து ஓட்டுநர் அப்படித்தான். காலை எட்டு மணிக்குச் சாவியை வாங்குவார், மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுப்பார். அதற்குப் பிறகு அவரும் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ஆயிரத்தில் ஒருவர். அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. இயந்திரம் ஓடினால் தரை அதிரும், தம்ளரில் தண்ணீர் வட்டம் போடும். நான்கு குடும்பத்துக்கு ஒரு குழாய்.

ஒன்பது வருடம் லாரியில் சிமெண்டும் குழாயும் ஏற்றியவர். அதன் பிறகு பதினோரு வருடமாக இந்தக் கார். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் வரைபடம் வாசிப்பதில் அலுவலகத்துப் பட்டதாரிகளுக்கு அவர் இளைத்தவர் அல்ல. பின்னிருக்கையில் உட்காரும் தலைமைத் திட்ட அலுவலர் நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பானெட் மீதுதான் வரைபடத்தை விரிப்பார். காற்றில் பறக்காமல் ஸ்பேனரை வைத்து அழுத்திப் பிடிப்பது ஓட்டுநரின் வேலை. பதினோரு வருடம் பிடித்தால் ஸ்பேனருக்கே படிக்க வந்துவிடும்.

அலுவலருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ஏக்கர் சார். வாயைத் திறந்தால் ஏக்கர்தான்.

"வீட்டுக்கு ஒரு ஏக்கர், டிரைவர்! காய்கறி நீங்களே போட்டுக்கலாம். வாசல்ல கார். நடுவுல நகரம்னு ஒண்ணே கிடையாது. எல்லாப் பக்கமும் நகரம், எல்லாப் பக்கமும் தோட்டம். சிக்னல் கிடையாது, நெரிசல் கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, வேலை, எது வேணும்னாலும் கார்ல பத்தே நிமிஷம்!"

"ஆமா சார்," என்பார் ஓட்டுநர். இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. ஆனால் சும்மா சொன்ன ஆமா அல்ல. அவருக்கு அந்த நகரத்தின் மீது உயிர். மனை கேட்டு முதல் நாளே மனுப் போட்டிருந்தார், வரிசை எண் இருநூற்றுப் பதினேழு. அறுநூறு குடும்பங்களுக்கு மனை. கண்ணை மூடினால் தன் ஏக்கர் தெரியும், அதன் வாசலில் ஒரு பழைய காராவது நிற்கும், அதில் அவர் சொந்தமாக வீட்டுக்கு வந்து இறங்குவார்.

நிலத்தை ஒதுக்க வேண்டிய நிலக்குழுத் தலைவிக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த நகரத்துக்குக் கேட்டிருந்தது ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தைச் சுற்றியிருந்த நிலம். அதில் பதினைந்து மாடிக் குடியிருப்புகள் கட்டலாமென்று இன்னொரு கோப்பும் அவர் மேசையில் தயாராக இருந்தது. "பத்து நிமிஷம்ங்கறத தாள்ல காட்டாதீங்க, தரையில காட்டுங்க. காட்டினா இதுல கையெழுத்து, இல்லேன்னா அதுல" என்றுவிட்டார்.

ஏக்கர் சார் துள்ளிக் குதித்தார். ஒரே மாதத்தில் நகரத்தின் ஒரு பகுதியை அந்தப் பொட்டலில் நிஜ அளவிலேயே வரைந்தார்கள். சுண்ணாம்புப் பொடியில் சாலைகள், வளைவுகள், மனைகள். பள்ளிக்கு நீலக் கொடி, மருத்துவமனைக்கு வெள்ளை, கடைக்குச் சிவப்பு, தொழிற்கூடத்துக்கு மஞ்சள். ஒவ்வொரு கொடியடியிலும் ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு முத்திரை. விதியையும் அவரே எழுதினார்: ஒரு குடும்பம் வீட்டிலிருந்து காரில் புறப்பட வேண்டும், பள்ளியில் பிள்ளைகளை விட வேண்டும், மருந்து வாங்க வேண்டும், கடைப் பையை வாங்க வேண்டும், நான்கு முத்திரையோடு பத்து நிமிடத்துக்குள் தொழிற்கூடம் போய்ச் சேர வேண்டும்.

குடும்பம் யாருடையது? ஓட்டுநருடையதுதான். வேறு யார் விடிகாலையில் அந்தப் பொட்டலுக்கு வருவார்கள்?

இரண்டு வாரம் ஒத்திகை ஓட்டினார் ஓட்டுநர். முதல் நாளே நேரம் இடித்தது. மொத்த தூரம் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாற்பதில் போனால் ஒன்பதேகால் நிமிடம் என்று ஏக்கர் சார் போட்ட கணக்கு சரிதான். ஆனால் காரில் ஏறி இறங்குகிற நேரத்தை அவர் சேர்க்கவில்லை. பதினோரு வருடமாகக் கதவைத் திறந்துவிட ஆள் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? நிறுத்து, இறங்கு, முத்திரை வாங்கு, ஏறு, திருப்பு என்று நாலு இடத்திலும் சேர்த்து மூன்றரை நிமிடம் போனது. நாற்பதில் ஓட்டினால் பன்னிரண்டே முக்கால். அறுபதில் மிதித்தால் ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.

ஓட்டுநர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறுபதில் மிதிப்பது என்று முடிவு செய்துவிட்டார். ஒரு ஏக்கர் என்றால் சும்மாவா?

சோதனை நாளன்று காலை குழு வந்து இறங்கியது. தலைவி முழங்கால் வரை சுண்ணாம்பு படிய நடந்து வந்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த ஓட்டுநரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவருக்குத் தொழிலே ஓட்டறதாச்சே. மீனுக்கு நீச்சல் பரீட்சை வைக்கறதா? குடும்பத்துல வேற யாருக்காவது லைசென்ஸ் இருக்கா?"

"எனக்கு இருக்குங்க," என்றார் ஓட்டுநரின் மனைவி, பையிலிருந்து எடுத்துக் காட்டியபடி. "வாங்கி மூணு மாசம் ஆச்சு."

"ரொம்ப நல்லது. நாப்பதைத் தாண்டக் கூடாது. நான் முன்னால உக்காந்து முள்ளைப் பாத்துக்கறேன்."

ஓட்டுநர் மனசில்லாமல் இறங்கிச் சாவியை நீட்டினார். சட்டைத் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை பார்க்கும் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் காரில் இதே ஓடுதளத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கற்றுக்கொடுத்ததைவிடக் கத்தியது அதிகம்.

"ஏங்க, நீங்க பின்னால உக்காருங்க. வாயைத் திறந்தீங்க, நடுவழியில இறக்கி விட்டுடுவேன்."

"நான் என்னத்தச் சொல்லப்போறேன்..."

"அதான், ஒண்ணும் சொல்லாதீங்க."

விசில் ஊதியது. ஜன்னல் பக்கம் யார் என்று மகனும் மகளும் அடித்துக்கொண்டதில் நாற்பது வினாடி போயிற்று. ஓட்டுநர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியின் பிடரியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கார் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அழகாக வளைந்து போனது. முள் நாற்பதிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னிருக்கையில் அவர் வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து ஓய்ந்தது.

பள்ளியை அடைந்தபோது நான்கு நிமிடம் ஐந்து வினாடி. மனைவி இறங்கினார், பிள்ளைகளை மேசையில் ஒப்படைத்து முத்திரை வாங்கினார். காரைப் பார்த்துத் திரும்பவில்லை. பள்ளி மனையின் பின்பக்கம் நேராக நடக்க ஆரம்பித்தார்.

ஓட்டுநர் வாயைத் திறக்காமல் எத்தனை நேரம் இருப்பார்? "ஏய்! கார் இங்க இருக்கு!"

"ஓடியா போயிடும்? இருக்கட்டும்!" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார்.

அப்போதுதான் ஓட்டுநருக்கு விளங்கியது. இரண்டு வாரம் சுற்றிச் சுற்றி வந்தும் அவர் கண்ணில் படாத விஷயம். கூட்டம் சேரக் கூடாது என்று ஏக்கர் சார் பள்ளியை ஒரு சாலையிலும், மருத்துவமனையை அடுத்த சாலையிலும், கடையை மூன்றாவது சாலையிலும் வைத்திருந்தார். சாலைகள் வளைந்து வளைந்து போனதால் காரில் ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மூன்று மனைகளின் முதுகுகளும் ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டு நின்றன! வேலை முடிந்து வரும்போதே குழாய்க்குக் குடம் வைத்து, மருந்து வாங்கி, செருப்புத் தைக்கக் கொடுத்து, ஒரு நடையில் நாலு வேலை முடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

வெள்ளைக் கொடியடியில் மருந்து. சிவப்புக் கொடியடியில் பை. பை கனம் போலிருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே வேகுவேகென்று வந்தார். ஓட்டுநர் தன்னை மறந்து காரை விட்டு இறங்கி, "வா வா வா, இன்னும் கொஞ்சம்!" என்று கை தட்டினார். முன்னிருக்கையில் தலைவியும் கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஏறிக் கதவைச் சாத்தும்போது ஆறு நிமிடம் ஐம்பது வினாடி.

மஞ்சள் கொடி. கடைசி முத்திரை. ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு வினாடி!

குழுவினர் ஆரவாரம் செய்தார்கள். ஏக்கர் சார் மட்டும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அம்மா, கோட்டைத் தாண்டிட்டீங்க! நடந்தீங்க! என் நகரத்துல நடந்துட்டீங்க!"

"பொடிக் கோடு தானே சார். அங்க சுவர் வரும்னா ஒரு கதவு வைங்க."

"கதவு வெச்சா நாலு பேர் நிப்பாங்க. நாலு பேர் நின்னா கூட்டம் வரும். கூட்டம் வந்தா அதுவே நகரத்துக்கு நடுமையமாயிடும். அது வேண்டாம்னுதானே இத்தனை வருஷம்..."

"நாலு பேர் நிக்கட்டுமே சார். ஆளுக்கு ஒரு ஏக்கர் குடுத்து உக்கார வெச்சுட்டீங்க. அப்புறம் யாரோட பேசறது, கத்திரிக்காயோடயா?"

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு விதித் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். காரில் புறப்பட வேண்டும் என்று இருந்தது. நான்கு முத்திரை என்று இருந்தது. எல்லா இடத்துக்கும் காரில்தான் போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஒரு மனுஷி நடப்பாள் என்பது எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

"கதவு வைக்கறதா இருந்தா இந்த நேரம் செல்லும், இப்பவே கையெழுத்துப் போடறேன். வைக்க மாட்டேன்னா கார்லயே போற நேரத்தைச் சொல்லுங்க. என்ன செய்யறீங்க?"

ஏக்கர் சார் நிமிர்ந்தார். "கதவே வேண்டாம். கார்லயே ஒன்பதேகால் நிமிஷம்தான். டிரைவர் ரெண்டு வாரம் ஓட்டியிருக்காரு. சொல்லுங்க டிரைவர்."

அவருக்கு வேண்டியது வழக்கமான அந்த ஆமா சார்தான். ஓட்டுநர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆமா என்றால் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், முன்னிருக்கையில் இந்த அம்மா, முள் நாற்பதில். ஏக்கர் போகும். இல்லை என்றால் பதினோரு வருட மரியாதை போகும்.

"இல்ல சார்," என்றார்.

ஏக்கர் சார் காதில் சரியாக விழாதவர் போல் பார்த்தார்.

"நாப்பதுல பன்னெண்டே முக்கால் சார். ஏறி இறங்கறதுக்கே மூணரை நிமிஷம் போயிடுது. இன்னைக்கு அறுபதுல மிதிச்சு உங்களைக் காப்பாத்தலாம்னு இருந்தேன். ஆனா நாளைக்கு அறுநூறு வீட்டுக்காரங்களும் அறுபதுல மிதிச்சா, பள்ளிக்கூடத்து வாசல்ல என்ன ஆகும்? கதவை வைங்க சார். நகரம் உங்களோடதுதான், ஒண்ணும் குறையாது."

ஏக்கர் சார் கோடுகளைத் தாண்டி, அந்த மூன்று மனைகள் முட்டும் இடத்தை நோக்கிப் போனார். நடந்துதான் போனார். அங்கே நின்று மெல்லச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று குனிந்து, பள்ளியிலிருந்து மருத்துவமனைக்கு, மருத்துவமனையிலிருந்து கடைக்கு என்று காலடியை எண்ண ஆரம்பித்தார். திரும்பி வரும்போது நடையே மாறியிருந்தது.

"நூத்திப் பதினெட்டு அடி! அவ்வளவுதான்! டிரைவர், அங்க நிழலுக்கு மரம் வெச்சா? மூணு கதவு, நடுவுல பெஞ்சு. அறுநூறு மனைக்கு இந்த மாதிரி மூலை எத்தனை வரும்? பத்து, இல்ல பன்னெண்டு! ஒரு மையம்னாத்தானே தப்பு? பன்னெண்டு இருந்தா எது மையம்? எங்க என் பென்சில்?"

பென்சில் அவர் காதிலேயே இருந்தது. தலைவி காரின் கூரை மீது கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

குழு கிளம்பியதும் ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், இருநூத்திப் பதினேழு எந்தப் பக்கம் வரும்?"

வரைபடத்தில் மூழ்கியிருந்த ஏக்கர் சார் நிமிராமலே கிழக்கே கையை நீட்டினார். "காரை எடுத்துட்டுப் போங்க. நான் இங்கதான் இருப்பேன்."

நான்கு நிமிடத்தில் போய்விட்டார்கள். எண் எழுதிய முளை, சுற்றிலும் வெள்ளைக் கோடு, நடுவில் முட்செடி. பிள்ளைகள் இறங்கிய வேகத்தில் ஆளுக்கொரு மூலைக்கு ஓடி, "இது என் ரூம்! இது என் ரூம்!" என்று கத்தினார்கள். ஓட்டுநருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

"ரெண்டாவது ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றார் மனைவி. ஆனாலும் கோட்டோரமாகவே நடந்துபோய்ப் பக்கத்து மனையை எட்டிப் பார்த்தார். "ஏங்க, இந்த இருநூத்திப் பதினெட்டு யாரு? விசாரிச்சீங்களா?"