கேம் பெட்டியில் அம்மாவின் நான்கு வரி

சித்தி இங்கிலாந்தில் மேல்படிப்பு முடித்துவிட்டுத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, அவளுடைய பெரிய பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். அப்பாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் வரும் என்று நம்பிக்கை. அம்மா ஃபோனிலேயே சொல்லி வைத்திருந்தது நான்ஸ்டிக் வாணலி. பத்து வயதுக்காரியான எனக்குச் சாக்லேட் போதும். பெட்டியைத் திறந்தால், ஸ்வெட்டர்களுக்கு நடுவில் கைக்குழந்தையைப் போலச் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்பு கேம் பெட்டி வெளியே வந்தது. கூடவே சோப்புப் பெட்டி அளவில் இன்னொன்று. இதை அதில் மாட்டினால் டிவி பார்க்கலாம், ரெக்கார்டும் பண்ணலாம் என்றாள் சித்தி. டிவி பார்க்கத் தன்னிடம் ஏற்கெனவே ஒரு டிவி இருப்பதாக அப்பா சொன்னார்.

சித்தி அம்மாவின் தங்கை. பத்து வயது இளையவள். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் மாலை ஷிப்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான்கு மணிக்குத்தான் கம்பெனி வண்டி வரும். அதுவரை வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவாள். கல்யாண வயதில் இருக்கும் பெண் வீடியோ கேம் ஆடுகிறாள் என்று சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் திருப்பத்தில் வண்டியை வளைக்கும்போது உடம்பையும் சேர்த்து வளைப்பாள். எனக்கு அவளைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யாரும் இல்லை.

சோப்புப் பெட்டி மட்டும் மானத்தை வாங்கியது. கேபிள் வயரை அதில் செருகினால் ஒரு சேனலும் வரவில்லை. நம் ஊர் கேபிளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம். அப்பா இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சித்தி இணையத்தில் எதையோ தேடிப் படித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், பழைய இரும்புக்கும் ஓட்டை மிக்சிக்கும் நடுவிலிருந்து ஓர் அலுமினிய ஆன்டெனாவைப் பொறுக்கி வந்தாள். மொட்டைமாடியில் கட்டி, பட்டணத்து டிவி கோபுரம் இருக்கும் வடக்குப் பக்கம் திருப்பினாள். அரசுத் தொலைக்காட்சியின் சேனல்கள் ஐந்து வந்தன. ஐந்தே ஐந்து. ஆனால் என்ன துல்லியம்! அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கலாம் என்று அவள் காட்டியபோது அப்பா தன் கையால் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார். மறுநாளிலிருந்து செய்தி வாசிப்பவரை வாயைத் திறந்தபடி நிறுத்தி வைத்துவிட்டு, நிதானமாகக் காபி குடித்து வந்து பிறகு பேசவிட்டார். அலுவலகத்தில் இதைப் பற்றிச் சொன்னபோது, தான் வாங்கிய பெட்டி என்றே சொன்னதாகக் கேள்வி.

அந்த டிசம்பரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவை அதே அரசுத் தொலைக்காட்சியில் பாடக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு பேர் போய்ப் பாடி, பதிவு செய்துவிட்டு வந்தார்கள். குழு மாஸ்டரே மெட்டுப் போட்ட பாட்டு. அதில் நான்கு வரியை அம்மா மட்டும் தனியாகப் பாடியிருந்தாள்.

அம்மாவின் கழுத்தில் அப்போது ஒரு கட்டி இருந்தது. ஜனவரியில் ஆபரேஷன். கட்டியை எடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் சொன்னது பெரியவர்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். எந்தக் கடையிலும் தனக்கென்று ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காத அம்மா, அன்று சித்தியிடம் வந்து நின்று கேட்டாள்.

"ஏய், அந்தப் பொட்டில என் பாட்டைப் புடிச்சு வச்சுருவியாடீ?"

சித்தி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "வச்சுடறேங்க்கா" என்றாள். அவள் அம்மாவை 'ங்க' போட்டுப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒளிபரப்பு எப்போது என்பது இரண்டு நாளுக்கு முன்புதான் தெரிந்தது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. கேட்டதும் சித்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அது மின்வெட்டுக் காலம். தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு நேரம், மேற்கே ஒரு நேரம். மாவு அரைக்கிறவர்கள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அரைத்து வருவார்கள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு அந்த மாதம் இரண்டிலிருந்து நான்கு. மேற்கே பன்னிரண்டிலிருந்து இரண்டு.

குழுவில் ஒருத்தர், செல்போனைப் பிடித்து டிவியைப் படம் எடுத்துவிடலாம் என்றார். அதில் ஃபேன் சத்தம்தான் விழும் என்று சித்தி ஒரே பேச்சில் தள்ளிவிட்டாள். மாவைத் தூக்கிப் போகலாம் என்றால் இதைத் தூக்கிப் போகக் கூடாதா? குழுவில் அடிக்குரல் பாடும் அங்கிள் மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பகலில் வீட்டில் இருப்பவர். அவர் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரையாண்டுத் தேர்வு மேற்பார்வை. அப்பா அலுவலகத்தில். எனக்குக் காலையிலேயே பரீட்சை முடிந்துவிட்டது. சித்தி மாடியிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றினாள்; கேம் பெட்டியையும் சோப்புப் பெட்டியையும் ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள். ஆன்டெனாவைக் குழாயில் இறுக்கும் கிளாம்ப்பும் நட்டும் ஸ்பேனரும் அதில் இருந்தன. நான் யாரும் சொல்லாமலே கேம் ஆடும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் கொஞ்சம் ஆடலாம் என்று ஒரு கணக்கு.

ஆட்டோக்காரருக்கு ஆன்டெனாவைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாமா இது? டிஷ்ஷு வந்து எத்தினி வருசம் ஆவுது, இன்னும் இத்த வெச்சிகினு கீறீங்க?"

"வேலை செய்யுதுண்ணா. மேம்பாலத்துல மட்டும் மெதுவா போங்க, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு" என்றாள் சித்தி.

இறங்கும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. ரிமோட் நனையக் கூடாதே என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நான்தான் முதலில் உள்ளே ஓடினேன். ஆட்டோ போய்விட்டது. மாடி ஏறி, "கிளாம்ப்பைக் குடு" என்று சித்தி கையை நீட்டியபோதுதான் மஞ்சள் பை ஞாபகம் வந்தது. அது ஆட்டோவின் பின் சீட்டில் மண்ணிவாக்கம் பக்கமோ பம்மல் பக்கமோ போய்க்கொண்டிருந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். என் சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "போய் அங்கிள் பக்கத்துல நில்லு. படம் வந்தா ரெக்கார்டை அமுக்கிட்டுக் கத்து" என்றாள்.

பழைய ஆன்டெனா போலப் புள்ளி புள்ளியாகவாவது வரும் என்று இதில் எதிர்பார்க்க முடியாது. சிக்னல் கிடைத்தால் படம் பளிச்சென்று வரும், கொஞ்சம் குறைந்தாலும் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். அங்கிள் வீட்டுக்கு வடக்கே புதிதாக ஓர் அடுக்குமாடி எழும்பி கோபுரத்தை மறைத்துக்கொண்டிருந்தது. சித்தி ஒவ்வொரு மூலையாக ஆன்டெனாவைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்தில் அங்கிள் அடிக்குரலில் "இல்லம்மா" என்பார். நான் படியில் ஓடி அதை மேலே ஒப்பிப்பேன். இரண்டு இருபத்தைந்துக்கு, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபோது படம் வந்தது. கையைக் கொஞ்சம் இறக்கினால் போய்விட்டது. கட்டி வைக்கக் கிளாம்ப் இல்லை.

ஆகவே சித்தி அப்படியே நின்றாள். தூறல் மழையானது. அரை மணி நேரம், ஆபீஸுக்குப் போட்டிருந்த நல்ல சுடிதாரோடு, கை இரண்டையும் மேலே தூக்கியபடி, வடக்கைப் பார்த்து நின்றாள். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ஒரு பாட்டியம்மா, துணியை எடுக்காமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அங்கிள் ஒரு குடையைக் கொடுத்தனுப்பினார். பிடிக்க அவளுக்குக் கை ஏது? நான் பிடிக்கிறேன் என்றால், கீழே போ, அம்மா வருவாள் என்று விரட்டிவிட்டாள்.

அம்மா வந்தாள். கருநீலப் பட்டுச் சேலையில், இருபத்திரண்டு பேருக்கு நடுவிலிருந்து ஓரடி முன்னால் வந்து பாடினாள். நான்கு வரிதான். வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல், அங்கே யாருடையதோ போல அவ்வளவு பெரியதாக இருந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் படியேறி ஓடினேன்.

"சித்தி, அம்மா பாடிட்டாங்க!"

"எப்படிப் பாடினா?"

"சேலை நல்லாருந்துச்சு" என்றேன். மழையில் நின்றுகொண்டு சித்தி அப்படிச் சிரித்தாள். கை மட்டும் அசையவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மாலை மொத்தக் குழுவும் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்த்தது. தும்மித் தும்மி மூக்குச் சிவந்திருந்த சித்தி அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். நான்கு வரியையும் மூன்று முறை திருப்பிப் போட்டாள். அம்மா சமையலறை வாசலில் பாதி மறைந்து நின்று, கொசுவம் சரியாக விழவில்லை என்று குறைபட்டுக்கொண்டாள்.

ஜனவரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியால் பயமில்லை என்றார்கள். குரல் வரவில்லை. முதலில் காற்றாக வந்தது, பிறகு கரகரப்பாக. ஆறு மாதம் பொறுங்கள் என்றார் டாக்டர். எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எங்களிடம்தான் பாட்டு பத்திரமாக இருக்கிறதே! தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அந்தப் பதிவைப் போடுவேன். அம்மாவுக்கு உற்சாகமாக இருக்குமென்று சத்தத்தைக் கூட்டி வைப்பேன். அம்மா, மாடியில் துணி காய்ந்திருக்கும் என்று போய்விடுவாள். சில நாள் கொடியில் துணியே இருக்காது.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் வந்தபோது டிவிக்குக் கீழே கேம் பெட்டி இல்லை. சூடாகி உள்ளே ஏதோ சிப் எரிந்துவிட்டது என்றாள் சித்தி. ரிப்பேர் பண்ணலாமே என்றேன். இந்த ஊரில் அதற்கு ஆள் இல்லை என்றாள். நான் அழுதேன், காலை உதைத்தேன், அவளைக் கஞ்சப்பிசினாறி என்று திட்டினேன். பதினேழு நாள் அவளோடு பேசவில்லை. சித்தியும் கார் ரேஸ் இல்லாமல், நான்கு மணி வரை சும்மா உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டினாள். அப்பா செய்தியைக் கேபிளில் பார்த்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் காபியை ஆறவிட்டார்.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பல மாதங்களுக்குப் பிறகு குழுவின் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். அவளைக் கீழ்க்குரல் பாடும் பெண்களின் வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சித்தியின் முன்னால் வந்து நின்றாள்.

"அதைப் போடுடீ."

"எதைங்க்கா?"

"நடிக்காத."

சித்தி அலமாரியைத் திறந்தாள். ஸ்வெட்டர்களுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். வயரைச் செருகினாள். சிப் எரிந்த பெட்டி, பச்சை விளக்கு எரிய ஒரு நொடியில் உயிர் பெற்றது. கருநீலச் சேலை ஓரடி முன்னால் வந்தது. டிவியில் அம்மா பாட ஆரம்பித்ததும், கூடத்தில் நின்ற அம்மாவும் பாடினாள். அதே மெட்டில்லை. அதற்குக் கீழே, வேறொரு வழியில், அந்தக் கரகரப்பான புதுக்குரலில், மேலே போகிற குரலைத் தாங்கிக்கொண்டு போவது போலப் பாடினாள். இரண்டும் சேர்ந்து அவ்வளவு அழகாக இருந்தது. நான்கு வரி முடிந்ததும் சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் தலையில் கை வைத்தாள்.

நான் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றேன். "அப்போ ரிப்பேரே ஆகலையா? இத்தனை நாள் பொய்யா சொன்ன?"

மன்னிப்புக் கேட்காமல் விடுவதில்லை என்று சித்தியின் எதிரில் போய் நின்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து, "சாரிடீ குட்டி, தப்புதான்" என்றாள். பொய் சொன்னால் யேசப்பா கோபித்துக்கொள்வார் என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு, நானும் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.