காலி இடத்தில் ஒரு கோள்

1. ஓர் இளம் விண்மீனைச் சுற்றிச் சுழலும் தூசித் தட்டில், வளையமாக ஓர் இருட்டு இடைவெளியைக் கண்டேன்.
2. அங்கே ஒரு கோள் உருவாகிக்கொண்டிருக்கலாம் என்று கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பினேன்.
3. வீட்டுக்கும் அந்தத் தட்டின் படத்தை அனுப்பினேன். ‘இருக்கலாம்’ என்ற சொல்லை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.
4. மார்த்தாண்டத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் மாமா, கோளை உருவாக்கி முடித்துவிட்டார்.

விடுமுறைக்கு வந்து பேருந்தை விட்டு இறங்கியதும் பார்த்தேன். சந்திப்பில் மாமாவின் பிளெக்ஸ்; அதில் என் முகம், அருகே என் தூசித் தட்டு. இடைவெளியில் பளபளவென்று நீலக் கோள். சனிக்கு இருப்பதைப் போல வளையமும் உண்டு; மாமா கஞ்சத்தனம் பார்க்கிறவர் அல்ல. கல்யாணமோ கண்ணீர் அஞ்சலியோ, ஒரு பிளெக்ஸில் உள்ளங்கை அகலம் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு ரோஜாவாவது வைத்துவிடுவார்.

நேராகக் கடைக்குப் போனேன்.

“எதுக்கு மாமா அதுல கோள வச்சிய?”

“நடுவுல கருப்பா சும்மா கெடந்துல்லா மக்கா. பிரிண்டு சரியா விழலன்னு ஆளுவ சொல்லுவாவ.”

“அந்தக் கருப்புதான் மாமா என் ஆராய்ச்சி.”

“அதுக்கா ஏட்டி இத்தன வருஷம் படிச்ச?”

கோள் வளரும்போது தன் பாதையிலுள்ள தூசியை வாரிக்கொள்ளும், இடைவெளி விழும். ஆனால் கோளே இல்லாமலும் விழலாம். கட்டுரையைப் பரிசீலிப்பவர்கள் என்னிடம் கேட்டிருந்ததும் அதுதான். அந்த நேரத்தில் நான் படத்தில் கைவைத்தேன் என்று ஒருவர் நினைத்தாலும் கட்டுரை செத்தது. மாமாவோ, மரியாதைக்கு எங்கள் ஆய்வகத்தின் பெயரையும் அடியில் போட்டிருந்தார். பிளெக்ஸ் வாட்சப்பில் சுற்றி, அன்று மாலையே என் வழிகாட்டியான பேராசிரியைக்குப் போய்விட்டது.

“இந்தக் கோளை எந்தத் தொலைநோக்கியில் எடுத்தாய்?” என்று தொலைபேசியில் கேட்டார்.

“மார்த்தாண்டத்தில் எடுத்தது மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. மூலத் தரவு முழுவதையும் இதழுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மாமாவிடம் கோளை எடுக்கச் சொன்னேன்.

“எடுக்கேன். அந்த எடத்துல வேற என்ன வைக்க?”

“ஒண்ணும் வைக்காண்டாம்.”

மறுநாள் கோள் இல்லை. அதே இடைவெளியில் மாமா கைகூப்பி நின்றார். அதை யாரும் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

தரவைச் சரிபார்த்த பரிசீலனையாளர்கள், தலைப்பிலிருந்து ‘கோள்’ என்ற சொல்லை மட்டும் நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன், கட்டுரை ஏற்கப்பட்டது. இடைவெளி இருப்பது உறுதி. கோள் இருக்கிறதா என்று தெரியாது. மறுபடி பார்க்கத் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.