வாசல் தாண்டாத நாய்கள்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு மதிப்பு உண்டு. வீட்டுக்கு வீடு வெள்ளை நாய் நிற்கும், மூக்கு மட்டும் ரோஜா நிறம். எங்கள் வீட்டு நாய் மாதிரி ஒண்ணு தளவாய்புரம் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எண்பதுகளில் ஒரு வருசம், பக்கத்துத் தெருவில் வெறிநாய் ஒன்று கன்றுக்குட்டியைக் கடித்து, கன்று செத்துப்போனது. ஊசி போடாத நாயை எல்லாம் நகராட்சிக்காரர்கள் கூண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு. ஊசி மருந்தோ கொஞ்சம்தான் வந்திருந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் போடுவது என்று கணக்குப் பார்க்க, மதுரைப் பக்கமிருந்து கணக்குப் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள்.

"ஒரு வெறிநாய் சாகுறதுக்குள்ள எத்தனை நாய்க்கு நோயைக் கொடுக்கும்ங்கறதுதான் கணக்குக்கா. ஒண்ணுக்கு மேல போனா நோய் பெருகும். ஒண்ணுக்குக் கீழ வந்தா தானா அவிஞ்சுரும். அதுக்கு ஒங்க நாய் எங்க போகுது, எதோட சேருதுன்னு தெரியணும்."

"சேருறதா? வாசல் தாண்டாது" என்றேன். எதிர்வீட்டு மதினியும் அதையே சொன்னாள். தெரு முழுக்க அதே பதில்தான். சாதி நாய் வச்சிருக்கிறவள் வேற என்ன சொல்லுவா?

மறுவாரம் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒங்க தெருவில நாய்க்கும் நாய்க்கும் போக்குவரத்தே இல்லையேக்கா. கணக்குப்படி இங்க நோய் பரவ வழியில்ல. ஊசி வேற தெருவுக்குத்தான்."

கூண்டு வண்டி வந்தால் என் நாய் என்ன ஆவது? நான் யோசிப்பதற்குள் மதினி வாயைத் திறந்துவிட்டாள்.

"இவ நாய் கறிக்கடைக்குப் பின்னாலதான் கெடக்கும். எழுதிக்கோ தாயி."

"ஒங்க நாய் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவுதே மதினி, அதையும் சொல்லுங்க."

"ஏட்டி, வாசல் தாண்டாத ஒன் நாய்க்குக் கறுப்புக் காதோட குட்டி எப்படி வந்துச்சு?"

அதற்குள் தெருவே கூடிவிட்டது. தன் நாயைப் பற்றி ஒருத்தியும் மூச்சு விடவில்லை. அடுத்தவள் நாயைப் பற்றி அம்புட்டுப் பேரும் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு எழுதி மாளவில்லை. திரும்பக் கணக்குப் போட்டதில், ஊரிலேயே அதிகமாகச் சுற்றுவது எங்கள் தெரு நாய்கள்தான் என்று வந்தது. அதிலும் முதலிடம் எங்கள் வீட்டு நாய்க்குத்தான்.

ஊசிக்காரர் முதலில் எங்கள் தெருவுக்கே வந்தார். நாயின் வாயைத் துணியால் கட்டி நானே பிடித்துக்கொண்டேன். கறுப்புக் காதுக் குட்டிக்கும் ஒரு ஊசி. முடிந்ததும் அவிழ்த்துவிட்டேன். தாயும் குட்டியும் நேரே கறிக்கடைப் பக்கம் ஓடின.

மதினி என்னைப் பார்த்தாள்.

"பழக்கமில்லாம வழி தப்பிப் போகுதுக" என்றேன்.