மாவுக் கட்டும் மஞ்சள் தண்ணீரும்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே போலீஸில் வேலை. அவருடைய பூர்விக வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. எங்களுக்கு ஒரே மகள், பதினோரு வயது.

அவள் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டே நடப்பாள். "நிமிந்து நடட்டி" என்று நான் முதுகில் ஒன்று வைக்காத நாள் கிடையாது. அவள் அப்பாவும் ஸ்டேஷனில் போடுகிற அட்டென்ஷனை வீட்டிலும் போடச் சொல்வார். பிள்ளையும் விறைப்பாக நிற்கும். செத்த நேரத்தில் தோள் பழையபடி ஏறிக்கொள்ளும். திமிர் என்றே நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிடரியிலிருந்து கட்டைவிரலை முதுகெலும்போடு இறக்கினேன். நடு முதுகுக்கு வந்ததும் விரல் நேராக இறங்காமல் வலப்பக்கம் ஒதுங்கி, வளைந்து, பிறகு இடுப்புக்கு வந்தது. மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். மறுபடியும் ஒதுங்கியது. இத்தனை நாள் இந்த முதுகிலா அடித்தோம் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் பிள்ளையும் கூடச் சேர்ந்து அழுதது.

நாலு மாசம் நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுப் பார்த்தோம். வளைவு கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் ரயிலேறி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பிள்ளையைக் குனியச் சொல்லிப் பார்த்தார்.

"இது பழக்கம் இல்லம்மா, எலும்பு வளைஞ்சிருக்கு. நிமிர்ந்து நில்லுன்னு எவ்வளவு சொன்னாலும் இவளால முடியாது" என்றார்.

கக்கத்திலிருந்து இடுப்புவரை சட்டை மாதிரி மாவுக் கட்டுப் போட வேண்டுமாம். அதற்கு முதுகை இழுத்து நீட்ட வேண்டும். மூன்று கால் வைத்த ஒரு கம்பத்தில் கப்பி கட்டியிருந்தார்கள். பிள்ளையின் தாடைக்கும் கக்கத்துக்கும் வார் மாட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பும்வரை கயிற்றை இழுத்தார்கள். நான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. "என் பிள்ளயத் தூக்குலயா போடுதிய?" என்று பாய்ந்தேன். திருடனைப் பிடித்துப் பழகின கையால் என்னைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார் என் வீட்டுக்காரர்.

கட்டுக் காய்ந்து வெளியே வந்த பிள்ளை சொன்னது: "வலிக்கலம்மா. நீ கத்துனதுதான் வெக்கமா இருந்துச்சு."

டாக்டரம்மா என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். வளருகிற பிள்ளை, அதனால் மூன்று நாலு மாசத்துக்கு ஒருமுறை கட்டை மாற்ற வேண்டும். பெரியவளாகிற சமயத்தில் எலும்பு விறுவிறுவென்று வளரும், வளைவும் அப்போதுதான் வேகமாகக் கூடும். அந்தச் சமயத்தில் கட்டு தளரவே கூடாது. முக்கியமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. நனைந்தால் மாவு ஊறி இளகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

சித்திரை வெயிலில் அந்தக் கட்டோடு அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! கழுத்துப் பக்கம் விசிறியை வைத்து உள்ளே காற்றுப் போக வீசுவேன். ஈரத் துணியால் கையையும் காலையும் துடைத்துவிடுவேன். அவளா, முனகக்கூட மாட்டாள்.

என்னை முனக வைத்தது என் நாத்தனார்தான். மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், வாய் கொஞ்சம் நீளம். "பிள்ளயக் கல்லுக்குள்ள வச்சுல்லா பூசிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது என் காதுக்கு வந்ததிலிருந்து அவர் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது கட்டுப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பிள்ளை பெரியவளானாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சடங்கு என்று முடிவானது. எங்கள் வழக்கத்தில் அத்தைதான் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும். கட்டு நனையக் கூடாது, தண்ணீர் வேண்டாம் என்று நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். "தலைக்குத் தண்ணி ஊத்தாம சடங்கா? ஊத்தித்தான் ஆகணும்" என்று பதில் வந்தது.

"அக்கா சொன்னா சொன்னதுதான், நான் என்ன செய்ய?" என்றார் என் வீட்டுக்காரர். ஊருக்குத்தான் போலீஸ்!

சடங்கன்றைக்கு நாத்தனார் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு கட்டு வாழை இலை. நாங்கள் வாங்கிய இலை பந்திக்குப் போதாது என்று நினைத்துக் கொண்டுவந்திருக்கிறார், அதிலும் ஒரு குத்தல் என்று எனக்கு எரிந்தது. வந்தவர் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். நேரே கொல்லைக்குப் போய் மஞ்சளைக் கரைத்து, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "பிள்ளயக் கூப்பிடுங்கட்டி" என்றார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பாய்ந்து போய்க் குடத்தைத் தட்டிவிட்டேன். அது உருண்டு, மஞ்சள் தண்ணீர் கொல்லை முழுக்க ஓடியது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஒங்களுக்குச் சடங்குதான் பெருசு. எனக்கு எம் பிள்ள முதுகுதான் பெருசு!" என்று கத்தினேன்.

நாத்தனார் நனைந்த சேலையை உதறினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, தண்ணி ஊத்தணும்னு சொன்னேன். கட்டு நனையணும்னு சொன்னேனா? இந்த எலய எதுக்குத் தூக்கிட்டு வந்திருக்கேன், பந்திக்கா?"

நான் அந்த இலைக் கட்டைப் பார்த்து முழித்தேன்.

"ரெண்டு நாளா தலகாணிய எலயில சுத்திச் சுத்தித் தண்ணி ஊத்திப் பாத்தேன். மூணு தலகாணி நனைஞ்சு போச்சு. நாலாவது நனையல. அந்த மாதிரி கட்டத் தெரிஞ்சுக்கிட்டுதான் வந்திருக்கேன். நீ என்னன்னா கொடத்த உருட்டுத!"

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அவர் அதற்குமேல் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கயிற்றுக் கட்டிலைப் போடச் சொன்னார். பிள்ளையின் கட்டுக்கு மேலே, கழுத்துப் பக்கத்து இலை மேலாக வருகிற மாதிரி, ஓடு வேய்வதுபோல இலையை அடுக்கி, வாழை நாரால் வரிந்து கட்டினார். கழுத்தைச் சுற்றித் துணியைத் திரித்து வைத்தார். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலை மட்டும் கட்டிலுக்கு வெளியே வரச் செய்து, தலைக்குக் கீழே இரண்டு பெண்களைக் கை கொடுத்துத் தாங்கச் சொன்னார்.

"அத்தை, என்னய ஆவியில வேக வைக்கப் போறியளா?" என்றது பிள்ளை. அதுவரை மூச்சு விடாமல் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

புதிதாகக் கரைத்த மஞ்சள் தண்ணீர் முதல் குடம் விழுந்தது. நெற்றியில் விழுந்து, கூந்தலோடு இறங்கி, தரையில் ஓடியது. குலவை தெருமுனைவரைக்கும் கேட்டிருக்கும். நான் மட்டும் கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றேன்.

எல்லாம் முடிந்து நாரை அவிழ்த்தார்கள். தொட்டுப் பார்க்க எனக்குப் பயம். நாத்தனாரே விரலை மடக்கிக் கட்டின்மேல் தட்டினார். டக் டக் என்று காய்ந்த சத்தம்! அதைக் கேட்டதும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அழுதது போதும், கொடம் நெளிஞ்சிருக்கான்னு பாரு" என்றார். நெளிந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குப் பக்கத்தில் ஆனது. ஒவ்வொரு தடவை கப்பியில் தூக்கும்போதும் நான் வராந்தாவில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசிக் கட்டை அறுத்து எடுத்த அன்று டாக்டரம்மா முதுகை வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கிறது, ஆனால் வளர்த்தி நின்றுவிட்டது, இனிமேல் பயமில்லை என்றார். பிள்ளை என்னைவிட இரண்டு விரல்கடை உயரமாக நின்றாள். அவள் அப்பா அவளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். சத்தியமாக அடித்தார்!

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நாத்தனார் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தார். கையில் அதே நெளிந்த குடம்.

"இன்னைக்கு எல வேண்டாம்லா?" என்று கேட்டார்.

பிள்ளைக்கு நான்தான் எண்ணெய் தேய்த்தேன். பிடரியிலிருந்து கட்டைவிரலை இறக்கினேன். நடு முதுகில் லேசாக ஒரு தடவை ஒதுங்கப் பார்த்தது, அப்புறம் நேராக இறங்கிவிட்டது. முழுக் குடம் தண்ணீரையும் நாத்தனார் அவள் தலையோடு முதுகோடு கொட்டினார். அவள் கூச்சலும் சிரிப்புமாக, நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

கோபம் இன்னும் எனக்கு மூக்குக்கு மேல்தான் வருகிறது. ஆனால் அன்றிலிருந்து, என்னோடு மல்லுக்கு நிற்க வருகிறார்கள் என்று யாரைப் பார்த்துத் தோன்றினாலும், அவர்கள் கக்கத்தில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.