சூடான பிறகு கேட்ட சத்தம்

ஒரு மெக்கானிக்கை ஏமாற்றுக்காரர் என்று ஊரறிய எழுதினேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது ஒன்பதாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. எழுதியதைவிட அந்த மௌனம்தான் என்னை இன்னும் அரிக்கிறது.

தார்நாகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பாதிப் பேர் ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் தொழிலாக இருந்தது. எங்கள் கார்கள் பலவும் மெட்டுகுடாவில் ஒரு சின்ன ஷெட்டுக்குத்தான் பழுது பார்க்கப் போகும். அதை நடத்தியவர் ரயில்வே வொர்க்‌ஷாப் குடும்பத்துத் தமிழர். ஐம்பதை நெருங்கும் வயது. பேச்சில் இந்த ஊர் உருது அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

என் பழைய காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வால்வுகளைத் தட்டும் டாப்பட் தளர்ந்திருக்கும், சின்ன வேலை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவரிடம் போனேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“டாப்பட் இல்ல சார். சத்தம் அடியிலேர்ந்து வருது. கனெக்டிங் ராட் பேரிங் தேஞ்சிருக்கு. இன்ஜின இறக்கணும்.”

“நான் கேட்டேன். மேலேதான் வருது.”

“காலைல ஸ்டார்ட் பண்ணிக் கேட்டா அப்படித்தான் இருக்கும். ஆயில் சூடாகட்டும். ஒரு ரவுண்டு வாங்க, மேம்பாலத்துல ஏத்திக் காட்டுறேன்.”

“எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?”

“நக்கோ சார், அதெல்லாம் இல்ல! நான் எட்டாவதோட நின்னவன். காது மட்டும்தான் மேல படிச்சிருக்கு.”

பக்கத்தில் காத்திருந்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதில் குத்திக்கொண்டிருக்க வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை, நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, போனில் சத்தத்தைப் பதிவு செய்து, வரைபடம் போட்டேன். கோளாறு வால்வுப் பக்கம்தான் என்று அது காட்டியது. இல்லாத கோளாறைச் சொல்லி இன்ஜினைக் கழற்றப் பார்க்கிறார், ஜாக்கிரதை என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரைபடத்தோடு போட்டேன். எங்கள் ஆட்கள் வெறும் புகாரை நம்பமாட்டார்கள். வரைபடம் இருந்தால் நம்பிவிடுவார்கள்.

ஒன்பதாம் நாள், உச்சி வெயிலில், மனைவியோடு மேம்பாலம் ஏறினேன். டொக், டொக், டொக்.

“என்னங்க, யாரோ உள்ளேர்ந்து தட்டுறாப்ல இருக்கு.”

“ரோடு சரியில்ல.”

“ரோடு தட்டுமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை அடைத்து ஓசையை அமுக்கிவிடும். சூடேறி ஆயில் இளகினால்தான் உண்மை கேட்கும். குளிர்ந்த இயந்திரத்தை அளக்காதே என்று எத்தனையோ பேரைத் திட்டியவன் நான்.

அதன்பின் காரை எடுக்கும்போதெல்லாம் காது இன்ஜினுக்குள்ளேயே கிடந்தது. மேடு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ராட் உடைந்து இன்ஜின் வெடித்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், குடியிருப்புக்காரர் எவர் கண்ணிலாவது படும் இடத்தில் கார் நின்றுவிடுமோ என்பது. கடைசியில் யாருக்கும் சொல்லாமல் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்களும் இன்ஜினை இறக்கினார்கள். பேரிங் தகடுகள் தேய்ந்து செம்பு தெரிந்தது.

கார் அமைதியாக வீடு வந்தது. “டாப்பட் சரி பண்ணினதுமே போயிடுச்சா சார்?” என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். “ஆமாம்” என்றேன்.

நான்காம் மாதம் ஒரு நாள் மெட்டுகுடா வழியாகப் பேருந்தில் போனேன். வழக்கமாக ஐந்தாறு கார்கள் நிற்கும் ஷெட்டில் ஓர் ஆட்டோ மட்டும் நின்றது. அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில், கையில் கிரீஸ் கறையே இல்லாமல்.

அன்று மாலையே நடந்ததை ஒன்றுவிடாமல் குழுவில் எழுதினேன். மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் போனை அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். கீழே குழுவினர் போட்ட பதில்களையும் படித்தார்: கும்பிடும் கைகள், ‘உங்கள் நேர்மைக்கு வணக்கம்’, ‘பெரிய மனசு சார்’.

“எல்லாரும் உங்களத்தான் புகழ்ந்திருக்காங்க” என்றார்.

“மன்னிச்சிடுங்க. என் காரை இனிமே நீங்கதான் பார்க்கணும்.”

“மன்னிக்கிறதுக்கென்ன சார், அது ஆச்சு. வண்டி மட்டும் நக்கோ, வேணாம். நாளைக்கு வேற ஏதாவது சத்தம் வந்தா என்ன எழுதுவீங்களோன்னு யோசிச்சுக்கிட்டே ஸ்பேனர் பிடிக்க முடியாது.”

அவரை விட்டு விலகிய ஏழு வீடுகளுக்கும் நேரில் போய்ப் பேசினேன். ஐந்து பேர், வேறு இடம் பழகிவிட்டது என்றார்கள். இரண்டு கார்கள் திரும்பிப் போயின. அந்த வழியே போனால் நின்று விசாரிப்பேன். அவரும் குனிந்து வேலை பார்த்தபடியே பதில் சொல்வார். உள்ளே வாங்க என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.