செவப்புத் தண்ணி

ஆரோக்கியமான மாட்டின் சிறுநீர்ப்பை எப்படி இருக்கும் என்று எழுதத்தான் நான் குன்னூருக்குப் போனேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கால்நடை மருத்துவம் படித்து முடித்து, உடற்கூறியலில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். மலையில் வாழும் மாட்டின் உறுப்புகள் கீழ்நாட்டு மாட்டின் உறுப்புகளிலிருந்து மாறுபடுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் பேராசிரியரின் ஆசை. மாணவர்களுக்கு ஆளுக்கொரு உறுப்பாகப் பிரித்துக் கொடுத்தார். நுரையீரலையும் இதயத்தையும் ஆண் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சிறுநீர்ப்பை.

"சின்ன உறுப்பு. ஆறு மாதத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குன்னூர் மாட்டாஸ்பத்திரியின் பின்னறை ஒன்றை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு மரப்பெட்டியில் மைக்ராஸ்கோப்பும், மெழுகுக் கட்டிகளைச் சீவும் பழைய இயந்திரமும் வந்து சேர்ந்தன. மாதிரிகளுக்குக் கசாப்புக்கூடம் போக வேண்டும். முதல் நாள் போனபோது, பெண் பிள்ளை உள்ளே வருவதைப் பார்த்துக் கத்தியை வைத்துவிட்டு நின்றுவிட்டார் அங்கே வேலை செய்த பாய். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எல்லாரும் ஈரலு கேப்பாங்க, மூளை கேப்பாங்க. மூத்திரப்பை கேட்டு வந்தவங்க நீங்கதாம்மா."

அவர் கொடுத்த முதல் பையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கல்மேடையில் வைத்து அறுத்தேன். உள்ளே வெளிர் நிறத்தில், வழவழப்பாக, நனைந்த பட்டுத்துணியைச் சுருக்கி வைத்தது போல் மடிப்புகள் இருக்க வேண்டும். கல்லூரியில் அப்படித்தான் பார்த்திருந்தேன். இங்கே பை பிளந்ததும் கருஞ்சிவப்பாக ஏதோ வழிந்து என் கையுறை மேல் விழுந்தது. கட்டிக்கட்டியாக ரத்தம். அதைக் கழுவிவிட்டுப் பார்த்தால், சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் காளிஃபிளவர் பூக்கள் முளைத்து நிற்பது போல வளர்ச்சிகள். ஒன்று என் கட்டைவிரல் அளவு இருந்தது. தொட்டதும் அதிலிருந்து புதிதாக ரத்தம் கசிந்தது.

நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னம்மா?" என்று பாய் ஓடி வந்தார். பையைப் பார்த்தார். "இதுக்கா இப்படிப் பயந்தீங்க? மலையில மேயிற மாடு பாதி இப்படித்தாம்மா இருக்கும். கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற மாட்டுல இது கெடையாது."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் அந்த வளர்ச்சிகளைவிட என்னை அதிகமாகத் தாக்கியது. இத்தனை வருடங்களாக அறுத்துப் பார்த்து, தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார்.

அடுத்தடுத்த வாரங்களில் அதையும் சேர்த்துப் பத்துப் பைகள் ஆயின. எல்லாம் மலை மாடுகளுடையவை. மூன்று மட்டும் வெறும் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தன. அப்பாடா என்று அந்த மூன்றையும் கெடாமல் இருக்கப் பார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அவற்றிலும் இரண்டில், உள்தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைத்துக் கிடந்தன. ஒழுங்காக அடுக்கடுக்காக இருக்க வேண்டிய செல்கள் வரிசை குலைந்து, கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கியிருந்தன. 'இயல்பான அமைப்பு' என்று நோட்டில் தலைப்பு எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே எழுத எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பைதான்.

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் ஸ்லைடுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கே இதைச் செவப்புத் தண்ணின்னு சொல்வாங்க. மாடு ரத்தமா மூத்திரம் போகும். ஊசி போட்டா நிக்கும், மறுபடி வரும். கடைசியில செத்துரும். உள்ளே இவ்வளவு இருக்கும்னு நான் பார்த்ததில்லை."

"எதனால சார் வருது?"

"தண்ணின்னு சிலர் சொல்றாங்க, குளிர்னு சிலர். பெரணிச் செடியைத் தின்னுதான் வருதுன்னும் ஒரு பேச்சு இருக்கு. எனக்கென்னவோ அதுதான் சரின்னு படுது."

பெரணி. நான் ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் தங்கியிருந்தது வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டின் பின்னறையில். அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய மனைவிக்கு நாற்பது வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைக் கண்ணு என்பார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் குழந்தைகள். கொட்டகையில் ஒரே ஒரு மாடு, கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. தினமும் காலையில் அக்கா ஒரு பெரிய டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். "படிக்கிற புள்ள, குடி கண்ணு" என்று நான் குடித்து முடிக்கும் வரை நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் குழந்தைகளும் தேயிலைக்கு மேலே உள்ள சரிவில் ஏறி, பெரணி அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். மாட்டுக்குக் குளிராமல் இருக்கக் கொட்டகையில் தடிமனாக விரிப்பதற்கு. பொழுதுபோகாமல் நானும் கூடப் போயிருந்தேன். அதற்கு முந்தைய ஞாயிறு நான் மட்டும் நான்கு கட்டு அறுத்தேன். "டவுனுப் புள்ளைக்கு என்ன வேகம் பாருங்க" என்று அக்கா புருஷனிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். மாடு படுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிவிட்டு, தனக்குக் கீழே விரித்திருந்த பெரணியிலிருந்து ஒரு கொத்தைப் பல்லால் இழுத்து மெல்லத் தொடங்கியது. அவசரமில்லாமல், ருசித்து. பிறகு முட்டியை ஊன்றி எழுந்து, வாலைத் தூக்கியது.

பால் விடாத தேநீர் போல வந்தது. போகப் போக இன்னும் சிவந்தது.

சத்தம் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன் போலிருக்கிறது. அவர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அந்த வாளி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரையைக் கழுவுவதற்கு.

"அக்கா, இது எத்தனை நாளா?"

அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க்கா."

"ரண்டு வருசமா வந்து வந்து போகுதுங் கண்ணு. வெளிய தெரிஞ்சா ஆரு பாலு வாங்குவாங்க? அதுல நீ வேற மாட்டு டாக்டரு. ஓட்டிட்டுப் போயிருவீங்களோன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாலு வெள்ளையாத்தானே வருது கண்ணு? பாலுல ஒண்ணுமில்லையே?"

இரண்டு மாதமாக ஒரு கால்நடை மருத்துவர் அந்தக் கொட்டகைக்கு இருபதடி தள்ளித் தூங்கி எழுந்திருக்கிறாள். அந்த மாட்டைத் தடவிக் கொடுத்திருக்கிறாள். எதையும் பார்க்கவில்லை. பார்க்காதது மட்டுமா? அதன் வாய்க்குக் கீழே கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விரித்திருக்கிறாள்.

பெரணியைப் பற்றிச் சொன்னேன். அக்கா நம்புவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். அவர் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கொட்டகையில் இருந்த பெரணி முழுவதையும் கையாலேயே அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். நானும் அள்ளினேன். ஈரமும் சாணியும் கலந்து கனத்தது. குழந்தைகள் வாசலில் நின்று எங்களைப் பார்த்தன.

பெரிய டாக்டர் வந்து ஊசி போட்டார். மூன்று வாரம் நன்றாக இருந்தது. அக்கா முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. பிறகு ஒரு மழைநாளில் மறுபடி சிவந்தது. இம்முறை நிற்கவே இல்லை. மாடு எலும்பும் தோலுமாகிவிட்டது. கண்ணிமையின் உட்புறத்தை விரித்துப் பார்த்தால் காகிதம் போல வெள்ளையாக இருந்தது. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் போய்விட்டது.

அன்றைக்குப் பெரிய டாக்டர் குந்தாப் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார். அக்காவின் புருஷன் அரை நாள் லீவு போட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்ட ஆள் ஏற்பாடு செய்தார். குழி வெட்டும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, அறுத்துப் பாக்கோணுமுங்க."

அதுவரை கண்ணு என்றே கூப்பிட்டவர். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு டாக்டரம்மாதான்.

"அதெல்லாம் எதுக்கு, நிம்மதியாப் பொதைச்சுரலாம்" என்றார் புருஷன்.

"நாம போட்டதைத் தின்னுதான் செத்துச்சான்னு எனக்குத் தெரியோணும்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அவர் புருஷன் ஒதுங்கி வழிவிட்டார்.

கல்லூரியில் எத்தனையோ மாடுகளை அறுத்திருக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த மாட்டின் மேல் கத்தி வைத்தது அதுவே முதல் முறை. அக்கா பக்கத்திலேயே நின்றார். நான் போகச் சொன்னேன், போகவில்லை. குழந்தைகளை மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

பை வெளியே வந்தபோது கல்லைப்போலக் கனத்தது. பிளந்தேன். ஒரு பக்கச் சுவரே இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே வளர்ச்சி, அதன் மேல் ரத்தக்கட்டி. நான் அறுத்த பதினொன்றிலும் மிக மோசமானது அதுதான்.

அக்கா குனிந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இந்தப் பாலத்தானுங்க எம்பட புள்ளைக இத்தன வருசமாக் குடிச்சுது. நீங்களும் குடிச்சீங்க. நமக்கும் உள்ள இப்படி ஆகுமுங்களா?"

அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியலைங்க்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மாட்டைக் குழியில் இறக்கியதும் முதல் ஆளாக மண் தள்ளத் தொடங்கினார்.

அந்தப் பையின் துண்டுகளைப் பதித்து ஸ்லைடு ஆக்க இரண்டு வாரம் ஆயிற்று. மைக்ராஸ்கோப்பில் கூர்மை சரிசெய்தபோது, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, விரல்விரலாகக் கிளைத்து, ஒவ்வொரு விரலுக்கு நடுவிலும் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓட, கண் கூசும் அழகாக இருந்தது. 'அடடா, என்ன நல்ல ஸ்லைடு' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணம் நாற்காலியிலிருந்து எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். யாருடைய குரல் அது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தானும் பார்க்க வேண்டுமாம். ஒரு கண்ணை மூடி எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். குனிந்தவர் அசையவில்லை.

"பூவாட்டம் இருக்குதுங்களே" என்றார். உடனே நிமிர்ந்து, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நேற்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

பேராசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். 'நீ நோயைப் பற்றி எழுதப் போகவில்லை. மேட்டுப்பாளையத்தில் நல்ல மாடு எடு' என்று முதலில் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தோடு ஸ்லைடுகளையும் அனுப்பினேன். ரயிலேறி அவரே வந்துவிட்டார். ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, "தலைப்பை மாற்றிக்கொள்" என்று மட்டும் சொன்னார். மேட்டுப்பாளையத்து மாடுகளோடு ஒப்பிட்டு எழுதினேன். கறுப்பு மாடு ஆய்வேட்டில் பதினோராம் எண். வாய்மொழித் தேர்வில், "இந்த ஸ்லைடு எங்கே கிடைத்தது? மிகத் தெளிவாக இருக்கிறதே" என்று கேட்டார்கள். "குன்னூர், எட்டு வயதுப் பசு" என்றேன். வேறு எதையும் அந்த அறையில் சொல்ல முடியவில்லை.

அக்கா அடுத்து வாங்கிய மாட்டுக்குக் காய்ந்த புல்லைத்தான் விரித்தார். பெரணி அறுத்துக்கொண்டு போகும் பெண்களை வழியிலேயே நிறுத்திச் சொல்வாராம். சிலர் கேட்டார்கள். ஒரு பெண் "எங்க மாட்டுக்கு நோவுன்னு ஊரெல்லாம் சொல்றியா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

புருஷன் ஓய்வு பெற்றதும் அவர்கள் அவிநாசிக்கே போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு கடிதமாவது வரும். மகள்களுக்குக் கல்யாணமானது, பேரன் பிறந்தது எல்லாம் பிறகுதான் இருக்கும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: 'பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறார்கள்.' மற்றவர்களுக்கு அது வழக்கமான கடித வரி. எனக்கு அது பதில். நானும் என் பதிலை முதல் வரியிலேயே எழுதிவிடுவேன்.

அந்தப் பாலைக் குடித்தது மூன்று மாதம்தான். இருந்தாலும் இன்றைக்கும் காலையில் கழிப்பறையில், சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஒரு கணம் குனிந்து நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.