டிபன் டப்பா கரகரப்பு

எங்க தெரு அம்மன் கோயிலுக்கு ஆடியில கூழ் ஊத்துவாங்க. மைக் செட் நான்தான். ஒன்பதாவதோட படிப்பு நின்னுது, அப்பயிருந்து ஒயர் சுத்துறேன். கூட்டாளி ஒருத்தன், கிட்டார் வாசிப்பான். இருவது வருஷப் பழக்கம்.

அவன் கிட்டாருக்குச் சத்தத்தப் பெருக்குற தனி ஆம்ப் கிடையாது. என் மைக் செட் ஆம்புலயே சொருகுவான். பழைய பெட்டி அது. சத்தத்தக் கூட்டினா தாங்காது, கரகரன்னு கத்தும். அந்தக் கரகரப்பு பனமரத்துல கட்டின கூம்பு ஸ்பீக்கர் வழியா போயி, ஊருக்கு எதிர்ல இருக்குற கோட்டைப் பாறையில மோதித் திரும்பி வரும். வர்ற வரைக்கும் அடுத்த கம்பியத் தொட மாட்டான். தலையச் சாய்ச்சு நிப்பான். கூழுக்கு நிக்கிற பொம்பளைங்க, இன்னா நிறுத்திட்டான், கரண்டு போச்சான்னு கேப்பாங்க.

ஒரு மழையில அந்த ஆம்ப் நனைஞ்சு எரிஞ்சுபோச்சு. வேற வாங்கினேன், அதுல அந்தக் கரகரப்பு வராது. அதே வருஷம் அவன் புதுச்சேரிக்குப் போயிட்டான், ஓட்டல்ல வாசிக்க. மூணு ஆடி போச்சு. வரல. கேட்டா லீவு இல்லம்பான்.

போன சித்திரையில அவனே போன் பண்ணான். அங்க எல்லாம் ரொம்ப சுத்தமா கேக்குதாம், வாசிக்கிற மாதிரியே இல்லயாம். காலால மிதிக்கிற பெட்டி ஒண்ணு இருக்குதாம். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுல போட்டா கரகரப்பு வருமாம். கடையில வாங்கினது எதுவும் ஒத்துவரலயாம், நீயே பண்ணிக் குடுன்னான். சர்க்யூட் படத்தப் போன்ல அனுப்பினான். கடைசியா ஒண்ணு சொன்னான்.

"நம்ம பழைய சவுண்டு மட்டும் வரட்டும்டா. இந்த ஆடிக்கு ஊர்ல வந்து வாசிக்கிறேன்."

அன்னிக்கே ஆரம்பிச்சேன்.

எவர்சில்வர் டிபன் டப்பாவுல ஓட்டை போட்டேன். ஒரு ஐசி, ரெண்டு டயோடு, பழைய டிவியில கழட்டின கண்டென்சருங்க, ஒரு ஒம்போது வோல்ட் பேட்டரி. கரகரப்புக்கு ஒரு குமிழ், கூர்மையக் கூட்டிக் குறைக்கிற டோனுக்கு ஒண்ணு. கரகரப்பு மொத நாளே வந்துடுச்சு. டோன்தான் பதினஞ்சு நாள் இழுத்துச்சு.

எனக்கு வாசிக்க வராது. அவன் விட்டுட்டுப் போன கிட்டார்ல மூணு கம்பி பாக்கி இருந்துது. ஒண்ணத் தட்டுவேன், காது குடுப்பேன். தகரத்தக் கிழிக்கிற மாதிரி கூசுச்சு. அந்தக் கூச்சத்தக் குறைக்க ஒரு கண்டென்சர் போட்டேன். அப்பவும் கூசுச்சு. அது பக்கத்துலயே இன்னொண்ணு போட்டேன். அடங்கிச்சு. அவன் சத்தம் மாதிரியே இருந்துது. போயி பாறையில மோதி வந்துது. நானும் தலையச் சாய்ச்சு நின்னேன்.

டப்பாவத் துண்டுல சுத்தி மடியில வெச்சிக்கிட்டு, திண்டிவனத்துல பஸ் மாறிப் போனேன். அவன் ரூமு மாடியில. மரப்பெட்டி ஆம்ப் ஒண்ணு வெச்சிருந்தான், என் இடுப்பு ஒசரம். டப்பாவச் சொருகி வாசிச்சான். கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி கேட்டுச்சு. டோன் குமிழ முழுசாத் திருப்பினான். அப்பவும் அப்படித்தான்.

"நல்லாதான் இருக்குது. பரவால்ல. நீ சாப்டியா?"ன்னான்.

அதுதான் சுருக்குன்னுச்சு. மைக் சரியில்லன்னா ஊரு முன்னாடியே என்னத் திட்டுறவன் அவன். பரவால்லன்னு என்கிட்ட அதுவரைக்கும் சொன்னதில்ல. வெளியாளுக்குச் சொல்ற பேச்சு அது.

டப்பாவ வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அப்பறம்தான் பிடிபட்டுச்சு. ரேடியோ ரிப்பேரோ, மைக் ரிப்பேரோ, எதையும் கூம்பு ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்துதான் எனக்குப் பழக்கம். இதையும் அதுலயேதான் கேட்டேன். கூம்புல கனத்த அடிச்சத்தம் நிக்காது, கீச்சுன்னு கூச்சம்தான் வரும். கூம்போட கூச்சத்துக்கு ரெண்டு கண்டென்சர் போட்டிருக்கேன். மரப்பெட்டிக்கு அது எதுக்கு?

மூடியத் தொறந்தேன். கட்டிங் பிளேயர் எடுத்துட்டு வரல. நகவெட்டி கேட்டேன். ரெண்டாவது கண்டென்சர் கால் ஒண்ண வெட்டிவிட்டேன். வாசின்னேன்.

ஒரு வரி முடிக்கல.

"டேய் பரதேசி, இதான்டா. இத வெச்சிக்கினு இவ்ளோ நேரம் ஊமையா ஒக்காந்திருந்தியா?"

திட்டினது நல்லா இருந்துது. டோன் குமிழ இப்படி அப்படித் திருப்பி ஒரு எடத்துல நிறுத்தி, பேனாவுல கோடு போட்டான். சாயங்காலம் வரைக்கும் வாசிச்சான். நான் தரையில ஒக்காந்து கேட்டேன். எங்கயும் நிறுத்தி நிக்கல அவன். அந்த ரூம்ல சத்தம் திரும்பி வராது, எதுக்கு நிக்கணும்?

ஆடிக்கு அவன் வரல. அந்த சவுண்டுக்குன்னே ஓட்டலுக்கு ஆளுங்க வர்றாங்களாம், விட மாட்டேங்கிறாங்களாம். சந்தோஷம்னேன். பொய்யில்ல. ஆனா டப்பாவ நான் தூக்கிட்டுப் போயிருக்க வேணாம். வந்து வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கலாம். அன்னிக்கு அது தோணல.

அதுக்கப்பறம் இன்னொரு டப்பா பண்ணேன். இதுல ரெண்டு கண்டென்சரும் இருக்குது. கூழ் ஊத்துற அன்னிக்கு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல, அந்த மூணு கம்பியில ஒண்ண ஒரே ஒரு தடவ தட்டினேன். சத்தம் பாறைக்குப் போச்சு. வந்துது.

குண்டானோட நின்ன அக்கா ஒண்ணு திரும்பிப் பாத்துது. "அந்தத் தம்பி வந்துட்டானா?"ன்னு கேட்டுது.

இல்லக்கா, டெஸ்டிங்னேன்.